கை காட்டிய பக்கம்

நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பார்த்ததும் பிடிக்கவில்லை. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கக் கரை தெரியாத கண்மாயை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்ன செய்வார்கள் என்றுதான் தோன்றியது. இப்போது என் பிள்ளைகள் கடற்கரைக்குப் போகலாம் என்று கூப்பிட்டால், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டின் மேல் உரக்கடை வைத்திருந்தார். உரத்தோடு பூச்சிமருந்தும் விற்பார். அந்த மருந்துக் கம்பெனி, நன்றாக விற்றுக் கொடுத்த கடைக்காரர்களை மனைவியோடு கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக அறிவித்தது. ராமநாதபுரத்தைத் தாண்டி எங்கோ ஒரு தென்னந்தோப்பு, அதில் ஓலைக் குடில்கள். மூன்று நாள் தங்கல். பஸ், படுக்கை, மூன்று வேளைச் சோறு, நடுவில் இளநீர், பலகாரம் எல்லாமே கம்பெனி பொறுப்பு.

"அண்ணே, ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் நீங்க பையில கையே விடக் கூடாது" என்று கம்பெனியின் பீல்டு ஆபீசர் கடையில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"சும்மா ஒருத்தன் மூணு நாளைக்குச் சோறு போடுவானா?" என்று நான் கேட்டேன்.

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? வாயை மூடிக்கிட்டுச் சீலையை எடுத்து வை" என்றார் வீட்டுக்காரர்.

மூன்றரை வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, விடியும் நேரத்தில் கோரிப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். பஸ் அங்கிருந்துதான் கிளம்பியது. நான் முன்னால் ஏறினேன். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மதினி. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பின்னால் ஏறியவரைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணனுக்கும் உரக்கடைதான், வாடிப்பட்டியில். அவரும் நன்றாக விற்றிருப்பார் என்பது எங்களுக்கு உறைக்காமல் போனதுதான் ஆச்சரியம். என் வீட்டுக்காரருக்கு இந்தத் தொழிலைப் பழக்கிவிட்டவரே அவர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் மாப்ள, மச்சான் என்று ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்தவர்கள். இந்தப் பயணத்தின்போது அவர்கள் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு பத்திரிகை. மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன்தான் ராஜா. பிள்ளை அவர் மடியில்தான் உட்கார வேண்டும், மேளதாளத்தோடு சீர்வரிசை கொண்டுவருவதும் அவர்தான், பத்திரிகையில் அவர் பெயர் எல்லாருக்கும் மேலே கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். அச்சாகி வந்த பத்திரிகையில் வீட்டுக்காரரின் பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் மருமகன்கள், சைக்கிள் கடை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் வரை பெயர் இருந்தது. என் அண்ணன் பெயர் இல்லை.

அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் என்று என் வீட்டுக்காரர் சாதித்தார். எழுதிக் கொடுத்த தாளை நான் தேடி எடுத்துப் பார்த்தேன். விட்டது இவர்தான். வேண்டுமென்று விடவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். வீட்டிலேயே இருக்கிற ஆளை யாராவது பட்டியலில் எழுதுவார்களா, அந்த மாதிரி மறதி. ஆனால் பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது. வாடிப்பட்டியில் அண்ணனின் கடைக்கே வந்து, "என்னப்பா, தங்கச்சி மகளுக்கு நீ மாமன் இல்லையா?" என்று கேட்டுவிட்டார்கள். அண்ணன் பத்திரிகையைத் திருப்பி அனுப்பினார். வேறு அச்சடிக்கச் சொல்லி நான் கெஞ்சினேன். "திரும்ப அடிச்சா நாந்தான் தப்புப் பண்ணேன்னு ஊரு பேசும்" என்றார் இவர். பண்ணியது இவர்தான் என்பது அவர் கணக்கில் வரவில்லை. காதுகுத்து நின்றது. மகள் மொட்டைக் காதோடு வளர்ந்தாள்.

இரண்டு வருஷமும் நான் அண்ணன் பக்கம். அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. அவருக்குப் பெண் கொடுக்க வந்தவர்களையெல்லாம், தங்கச்சியைக் கரையேற்றிவிட்டுத்தான் என்று திருப்பி அனுப்பியவர். அம்மாவும் போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு மனிதர்தான். அதனால் வீட்டில் நான் வாயை மூடவே இல்லை. "உங்களையும் எங்கண்ணனையும் ஒரே தராசுல வைக்காதீங்க. நீங்க அந்தரத்துல தொங்குவீங்க" என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். அவர் தட்டோடு எழுந்து போய்விட்டார். எனக்கு அப்போது கொஞ்சம்கூட வருத்தம் இல்லை.

பஸ் மானாமதுரையைத் தாண்டும்போது நான் முடிவு செய்துவிட்டேன். இந்த மூன்று நாளுக்குள் இரண்டு பேரையும் பேசவைக்க வேண்டும். இதை விட்டால் நடக்காது. எனக்குப் பிறந்த வீடு இல்லாமலே போய்விடும்.

குடில்கள் தென்னைகளுக்கு நடுவே வரிசையாக இருந்தன. ஓலைக் கூரை, ஓலைத் தட்டி, காலுக்குக் கீழே மணல், இரண்டு கயிற்றுக் கட்டில். குளிக்கத் தட்டி மறைப்பு, அதில் ஒரு தொட்டி உப்புத் தண்ணீர். சாப்பாட்டு நேரம் வந்தால் மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் அடிப்பார்கள். எங்களுக்கு ஏழாவது குடில். எட்டாவதில் அண்ணன். பீல்டு ஆபீசருக்கு உறவு தெரியும், சண்டை தெரியாது. "சொந்தக்காரங்க ஒண்ணா இருங்கண்ணே" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனார்.

இரண்டு குடிலுக்கும் துணி காயப்போட ஒரே கொடி. அதில் என் வீட்டுக்காரரின் வேட்டி ஒரு முனையில் கிடந்தால் அண்ணனின் வேட்டி மறுமுனைக்குப் போய்விடும். சாப்பாட்டுக் கொட்டகையில் பெஞ்சுப் பலகை. நானும் மதினியும் எப்படியோ எதிரெதிரே இடம்பிடித்து இருவரையும் உட்கார வைத்தோம். வறுத்த மீன் தட்டு நடுவில் இருந்தது. அண்ணனின் கைக்கு எட்டவில்லை, இவருக்கு எட்டும். இவர் தட்டைத் தொடவே இல்லை. "உங்கண்ணனுக்கு மீன் வேணுமான்னு கேளு" என்று என்னிடம் சொன்னார், அண்ணன் காதில் விழும்படி. "எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கிருவேன்னு சொல்லுத்தா" என்றார் அண்ணன். மற்ற கடைக்காரர்களின் மனைவிகள், இரண்டாவது மீன் கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டி வந்திருந்தார்கள், நானும்தான். அவ்வளவு சோற்றுக்கு நடுவில் என் தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. சமைக்கவும் வேலையில்லை, கழுவவும் வேலையில்லை. கையைக் கட்டிக்கொண்டு இந்த இரண்டு பேரின் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது.

மறுநாள் காலையில் ஆண்கள் எல்லாம் கடலில் இறங்கினார்கள். ஆனி மாதம். காற்று விடாமல் அடித்தது, ஆனால் வெயில் நன்றாக இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடிலுக்குத் தினமும் மீன் கொண்டுவரும் ஒரு பெரியவர், கரையில் தன் வத்தைக்குப் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். வத்தை என்று அவர்கள் சொல்வது ஒரு சின்னப் படகு. "முட்டளவுக்கு மேல போகாதீக. உள்ள இழுவை இருக்கு" என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் ஆட்களிடம் போய் நீச்சலைப் பற்றிப் பேசலாமா? எங்கள் பக்கத்து ஆண்களெல்லாம் கிணற்றில் நீச்சல் படித்தவர்கள். பம்புசெட் ரூம் மொட்டைமாடியிலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள். முங்கி அடிமண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். என் அண்ணனும் சரி, வீட்டுக்காரரும் சரி, அதில் பேர் வாங்கியவர்கள். கிணற்றில் களைத்துப்போனால் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும், கல்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். கடலில் சுவர் கிடையாது என்பது நினைத்துப்பார்த்தால் யாருக்கும் தெரியும். ஆனால் உடம்பு நினைத்துப்பார்ப்பதில்லை.

"எம்புட்டுத் தண்ணி பாத்துருக்கோம், இதென்ன" என்று என் வீட்டுக்காரர் யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. யாரிடம் என்றும் எனக்குத் தெரியும். அண்ணன் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவரும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். இவர் கையை வீசி இரண்டு அலை தாண்டினார். அண்ணன் மூன்று. ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்க்காமலே யார் எவ்வளவு தூரம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ரோஷக்காரர்களுக்கு முதுகிலும் கண் உண்டு போல.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. மற்றவர்கள் எல்லாரும் கரையேறி, தலையைத் துவட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். இவர்கள் இருவரும் வரவில்லை. முதலில் திரும்புகிறவன் தோற்றவன் அல்லவா. கரையில் நானும் மதினியும் மட்டும் நின்றோம். "ஏங்க, போதும் வாங்க" என்று நான் கூப்பிட்டேன். காற்று அதைப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டது.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தலைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன, கைகள் மட்டும் வேகமாக அடித்தன. கரையைப் பார்த்துத்தான் அடித்தார்கள். ஆனால் கிட்டே வரவில்லை. பிறகு தலைகள் விலக ஆரம்பித்தன. என் வீட்டுக்காரர் ஆழத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அண்ணன் மேற்கே, பாறைகள் தலைகாட்டும் பக்கம். இவரது கை ஒரு தடவை தண்ணீரை விட்டு மேலே வந்து எதையோ பிடிப்பதுபோல விரிந்தது. அங்கே பிடிக்க எதுவும் இல்லை.

"ஐயா!" என்று கத்தினேன். மீன்காரப் பெரியவர் அதற்கு முன்பே வத்தையைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் நானும் தள்ளினேன். சேலை தண்ணீரில் சுற்றிக்கொண்டது. அவர் ஏறித் துடுப்பை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ரெண்டு பக்கம் போகுதே தாயி. நான் ஒத்த ஆளு. எங்கிட்டு மொதல்ல போக?"

மதினி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பயம் வந்தால் அவளுக்குக் குரல் போய்விடும், எனக்குத் தெரியும். நான்தான் சொல்ல வேண்டும். யோசிக்கவில்லை, சாமி சத்தியமாக யோசிக்கவில்லை. என் வலது கை தானாக மேலே போனது. ஆழத்தின் பக்கம், என் வீட்டுக்காரரின் பக்கம் நீட்டியது.

வத்தை அந்தப் பக்கம் திரும்பியது. அண்ணனின் தலை பாறைப் பக்கம் ஒரு அலையில் ஏறி இறங்கியது. முகம் கரையைப் பார்த்து இருந்தது. மதினி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. நீட்டிய கையை எப்போது இறக்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. பெரியவர் துடுப்பை நீட்டியதும் இவர் அதைக் கட்டிப்பிடித்ததும் தெரிந்தது. படகின் விளிம்பில் வயிற்றைப் போட்டு ஏறியவர், மூச்சு வாங்குவதற்கு முன்பே கத்தினார். காற்று கரைப்பக்கம் வீசியதால் அது எங்களுக்குக் கேட்டது.

"மச்சான்! அங்கிட்டு எங்க மச்சான் கெடக்காரு! திருப்புங்கய்யா!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் மச்சான் அது. எனக்கு அதில் சந்தோஷப்படத் தெம்பில்லை. வத்தை பாறைப் பக்கம் போவதற்குள் அண்ணனின் தலை இரண்டு தடவை காணாமல் போனது. இரண்டாவது தடவை மதினி மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றுகொண்டே எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அண்ணன் போய்விட்டால், நான்தான் கை காட்டி அனுப்பினேன் என்பது மட்டும் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. என் வீட்டுக்காரர் பாதி உடம்பைப் படகுக்கு வெளியே விட்டு, அண்ணனின் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்.

கரைக்குக் கொண்டுவந்து குப்புறப் போட்டார்கள். அண்ணன் நிறையத் தண்ணீர் கக்கினார். பாறையில் உரசித் தோளெல்லாம் ரத்தம். என் வீட்டுக்காரர் தானும் நடுங்கிக்கொண்டே, அண்ணனின் உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"மச்சான், செவரு இல்லையே மச்சான்" என்றார் இவர், சின்னப்பிள்ளை புகார் சொல்வதுபோல.

"நானும் அதத்தான் மாப்ள தேடுனேன்" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க இவர் அழுதார். "பத்திரிகைய நாந்தான் மச்சான் ஒழுங்கா எழுதல" என்றார். "அந்தக் கழுதைய விடு மாப்ள" என்றார் அண்ணன். நான் இரண்டு வருஷம் கத்தியும் நடக்காதது அந்த மணலில் இரண்டு வார்த்தையில் முடிந்துபோனது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. பக்கத்தில் போய் உட்காரத்தான் எனக்குக் கால் வரவில்லை.

மதினி எழுந்து போய்க் கொடியிலிருந்த துண்டை எடுத்துவந்து, என்னைக் கடந்து அண்ணனிடம் போனாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. கொட்டகையில் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஆட்கள் கூடி நலம் விசாரித்தார்கள், பீல்டு ஆபீசர் வேர்த்துக் கொட்டி ஓடித் திரிந்தார், அன்றைக்கென்று கோழிக்குழம்பு வைத்திருந்தார்கள். அண்ணனும் இவரும் ஒரே இலையில் சாப்பிடாத குறையாகப் பழையபடி ஒட்டிக்கொண்டார்கள். தன்னிடம் வத்தை முதலில் வந்தது தற்செயல் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் பெரியவர் என்னைத் தேடிக்கொண்டு குடிலுக்கு வந்தார்.

"தாயி, நான் உன்னையக் கேட்டுருக்கக் கூடாது. ரெண்டும் ஒரே தூரமாத் தெரிஞ்சுச்சு, வாய் கேட்டுப்புடுச்சு. நானே ஒரு பக்கம் போயிருக்கணும். அது எம் பாவம், உம் பாவம் இல்ல."

என்ன நல்ல மனிதர். அவர் எவ்வளவு சொன்னாலும் அந்தக் கை என்னுடையதுதானே.

மூன்றாம் நாள் பஸ் திரும்பியது. ஆண்கள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள், அதனால் நானும் மதினியும் ஒன்றாக உட்கார வேண்டியதாயிற்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன் சீட்டில் இருவரும், ஆவணியில் காதுகுத்தை வைத்துக்கொள்ளலாமா, எந்த மேளம் சொல்லலாம் என்று சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நெஞ்சில் தைத்தது. தராசைப் பற்றி எவ்வளவு வாய் பேசியிருக்கிறேன். என்னைக் கேட்டிருந்தால் அந்தக் காலைவரைக்கும் அண்ணன் என்றுதான் சொல்லியிருப்பேன், சூடத்தில் அடித்துச் சத்தியமும் செய்திருப்பேன்.

பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் பஸ்ஸுக்குப் பின்னால் நிழலில் போய் நின்றேன். அண்ணன் தோளில் கட்டோடு ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"மதினி பேசமாட்டேங்குறாக அண்ணே."

"அவளுக்கு ஆற நாளாகும். போகட்டும் விடு."

"நான் யோசிச்சுக் காட்டலண்ணே. கை தானாப் போயிருச்சு."

"தெரியும்த்தா. பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

நான் டீயைக் குடிக்காமல் நின்றேன். அண்ணன் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தார். அவர் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று தவித்தேன். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"வத்தை அங்கிட்டுத் திரும்புறப்போ எனக்குக் கத்துறதுக்குத் தெம்பு இருந்துச்சு. ஆனா கத்தல" என்றார்.

"ஏண்ணே?"

"கத்துனா நீ கையை மாத்திருவ."

அவ்வளவு சொல்லிவிட்டு, பஸ் கிளம்பப் போகிறது, சீக்கிரம் குடி என்றபடி நடந்தார். பட்டப்பகலில், டீக்கடையில் அத்தனை பேர் பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன். அவர் கத்தியிருந்தால் நான் கையை மாற்றியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை. மாற்றிவிடுவேன் என்று அண்ணன் நம்பியிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.